சலவைக்கூடத்துப் பூனை

மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அறை முழுக்கப் புத்தகத்தைக் கடை பரப்பியிருந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, மகளும் வளர்ந்தாயிற்று. இருந்தாலும் கையில் ஒரு துணி கிடைத்துவிட்டால் போதும், விரல்கள் அதுபாட்டுக்கு ஓரத்தைத் தேடிப் பிடித்து, உதறி, மூலைக்கு மூலை சேர்த்துவிடும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாழ்நாளில் பாதியைப் படுக்கை விரிப்பு மடித்தே கழித்த கை அது. அங்கே அவளுக்குப் பேர் மடிப்பு அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

"அம்மா, இதைக் கொஞ்சம் கேளேன். செயல்பாட்டுவாதம்னு ஒரு பாடம். சமூகம் ஒரு உடம்பு மாதிரியாம். கை, கால், குடல்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கில்ல, அதுமாதிரி சமூகத்துல இருக்கிற எல்லாத்துக்கும் ஒரு வேலை இருக்காம். குத்தத்துக்குக்கூட."

"திருடனுக்குமா? அப்ப அவனுக்கு லீவு உண்டா, போனஸ் உண்டான்னு கேட்டுச் சொல்லு."

"விளையாடாதம்மா. குத்தமே இல்லாத ஊரு எங்கயும் கிடையாதாம். ஒருத்தன் தப்பு பண்ணினா மத்தவங்க எல்லாரும் சேர்ந்து கோவப்படுவாங்க. அப்பத்தான் எது சரி, எது தப்புன்னு அவங்களுக்கே திரும்ப உறைக்கும். சேர்ந்து கோவப்படுறதுல ஒருத்தருக்கொருத்தர் நெருக்கமாவும் ஆயிடுவாங்க. வெறும் நல்லவங்களாப் பொறுக்கி ஒரு இடத்துல வச்சாலும் அங்கயும் குத்தம் முளைக்குமாம். தும்மினதுகூடப் பெரிய குத்தமாயிடும்."

அக்காவின் கை நின்றுவிட்டது. பிறகு மடியில் இருந்த சட்டையோடு சேர்ந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"இதை எழுதினவரு எங்க சலவைக்கூடத்துப் பக்கம் எப்பவாவது வந்திருக்காராடி?"

"அவர் செத்தே நூறு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப எங்க பூனையை அவருக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் அக்கா. அந்தப் பேரைச் சொன்னதும் அவள் முகம் கனிந்துபோனது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வாசலில் நுழைகிற நோயாளி யாருக்கும் தெரியாத இடத்தில் இருந்தது அந்தக் கூடம். ஒரு பக்கம் அழுக்குத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்கும். ரத்தம், மருந்து, வாந்தி, எல்லாம் பிரித்து, துவைத்து, பிழிந்து, பெரிய உருளை இஸ்திரிக்குள் விட்டால் மறுபக்கம் சூடாக, வெள்ளையாக, அப்பளமாக வெளியே வரும். அதை மடித்து அடுக்குவது அக்காவின் மேஜை. மூலையில் தையல்காரம்மா கிழிசல்களுக்கு ஒட்டுப் போடுவாள். நர்சுகளின் தொப்பிக்கும் ஏப்ரனுக்கும் கஞ்சி போடுகிற தொட்டி கஞ்சிக்காரர் வசம். இத்தனைக்கும் வேண்டிய ஆவி, இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்த பாய்லர் அறையிலிருந்து வந்தது. அந்தப் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர்தான் பூனை.

ஏன் பூனை? சொல்கிறேன். ஆவிக் குழாய் சுவரோரமாக நீளப் போகும். அதற்குமேல் ஒரு பலகை அடித்து எல்லோரும் சாப்பாட்டு டப்பாவை அங்கே வைப்பார்கள். மதியம் திறந்தால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி ஆவி பறக்கும். பாய்லர்காரர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வருவார், குழாயின் திருகைச் சரிபார்க்கிற மாதிரி பாவனை பண்ணுவார், போவார். போன பிறகு யாராவது ஒருவர் டப்பாவில் அரை முட்டையோ, ஒரு துண்டு மீனோ, நாலு உருளைக்கிழங்கோ காணாமல் போயிருக்கும். மூடியைத் துடைத்து அழகாக மூடியும் வைத்திருப்பார், மகராசன்.

"ஐயையோ! பூனை வந்துடுச்சு!" என்று ஒரு குரல் கிளம்பும். அவ்வளவுதான், கூடமே எழுந்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, பூனைக்கும் ஒரு தர்மம் இருந்தது. முழு டப்பாவை ஒருநாளும் காலி செய்ததில்லை. அழுக்குத் துணி பிரிக்கிற அம்மா ஒருத்தி வெறும் சோறும் ஊறுகாயும் கொண்டுவருவாள். அந்த டப்பா பக்கம் அவர் நிழல்கூட விழாது. இத்தனைக்கும் அவர் ஒன்றும் பட்டினி கிடக்கிறவர் இல்லை. மனைவி படுத்த படுக்கை, அதனால் தானே சமைத்து, தன் டப்பாவை வழிய வழிய நிரப்பிக்கொண்டு வருவார். நாக்கு ருசி, வேறென்ன என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிடித்ததும் விசாரணை நடக்கும். கஞ்சிக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நீதிபதியாக உட்கார்ந்துவிடுவார்.

"யோவ், முட்டை எங்கய்யா?"

"எந்த முட்டைங்க?"

"மீசையில மஞ்சக்கரு இருக்கு, எந்த முட்டைன்னா கேக்குற?"

பூனை ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மீசையைத் தடவிப் பார்ப்பார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தண்டனையாக அத்தனை பேருக்கும் கேன்டீனிலிருந்து டீ சுமந்து வரவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாட்டுப் பாடவேண்டும். அவர் குரலுக்குப் பாட்டுத் தண்டனை விதித்தால் அது கேட்கிறவர்களுக்குத்தான் தண்டனை. அதனால் பெரும்பாலும் டீதான்.

தையல்காரம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என்னடி என்று அக்கா கேட்டதற்கு, "எல்லார் டப்பாவுலயும் பூனை கை வைக்குது, என்னுதை மட்டும் தொடவே மாட்டேங்குதுக்கா. என் சமையல் அவ்வளவு கேவலமா?" என்றாள். பிறகு ஒருநாள் அவள் முட்டை பாதி போயிற்று. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அந்த நாளிலிருந்துதான் அவளைக் கூடத்துக்காரி என்று எல்லோரும் எண்ணினார்கள்.

அவளுக்கும் இஸ்திரி உருளைக்காரருக்கும் ஆகாது. காலையில் கிழிசலுக்காகக் கரித்துக் கொட்டிக்கொள்வார்கள். மதியம் பூனை வந்துவிட்டால் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று அந்த மனிதரைத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும் காலையில் எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்திருக்கும். அக்கா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே மடித்துக்கொண்டிருப்பாள். அவள் மட்டும் விசாரணையில் வாயைத் திறக்கமாட்டாள். அடுத்தவர் பொருள் என்றால் ஒரு குண்டூசியைக்கூடத் தொடாதவள் என்று பேர் எடுத்தவள் அவள். கூடத்து மேற்பார்வையாளர் வேலை காலியாகப் போகிறது, அது மடிப்பு அக்காவுக்குத்தான் என்று ஆஸ்பத்திரியே சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. அவர் வந்த அதே வாரம், வெளியூரில் கட்டிக்கொடுத்த கஞ்சிக்காரரின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவுக்கென்று தன் கையால் மீன் வறுத்துக் கொடுத்தனுப்பினாள். மதியம் டப்பாவைத் திறந்தால் நடுத்துண்டைக் காணோம். கஞ்சிக்காரருக்கு வந்ததே கோபம்! சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் வாசலில் நிற்கிறார்.

"என்ன சத்தம்?"

"திருட்டுப்பய சார்! தினம் தினம் திருடித் திங்கிறான்!"

சொன்ன பிறகுதான் கஞ்சிக்காரருக்கு உறைத்தது. வாயிலிருந்து வந்ததை வழித்து உள்ளே போட முடியுமா? மேனேஜர் பூனையைக் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு தடவை இப்படி ஒரு புகார் காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்றார். வேலை போனால் ஆஸ்பத்திரி கொடுத்திருந்த வீடும் போகும். படுத்த படுக்கையாக இருக்கிற மனைவியைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் எங்கே போவார்? கஞ்சிக்காரர் பின்னாலேயே ஓடி, சார், அது விளையாட்டு சார், நாங்க எல்லாம் ஒரே குடும்பம் சார் என்று கெஞ்சிப் பார்த்தார். குடும்பத்தில் நடந்தாலும் திருட்டு திருட்டுதான் என்று மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூனை அன்றோடு நிறுத்திவிட்டார். பலகைப் பக்கமே வருவதில்லை. எல்லோர் டப்பாவும் வைத்தது வைத்தபடி இருந்தது. நல்லதுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை.

முதலில் கூடம் அமைதியானது. பிறகு அந்த அமைதி புளிக்கத் தொடங்கியது. இஸ்திரிக்காரர் வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுவார், வருடக்கணக்காகப் பாடியவர்; திடீரென்று தையல்காரம்மாவுக்கு அது தலைவலி ஆகிவிட்டது. சோப்பை ஈரத்தில் வைத்தது யார் என்று ஒரு பெரிய வழக்கு. அழுக்குப் பிரிக்கிற அம்மா கை கழுவ அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாளாம், அதற்கு ஒரு வழக்கு. கஞ்சிக்காரரை யாரும் நேராகத் திட்டவில்லை, ஆனால் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும்; ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைக் கையில் கொடுக்கவேண்டும். இப்போது கொடுக்கிற கை வாங்குகிற கையில் படாமல், மூலையை வீசிவிட்டுப் போனார்கள். மதியம் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. இந்தக் கூடத்தை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருந்தது? புருஷன் போன பிறகு அவளையும் கைக்குழந்தையையும் தூக்கி நிறுத்தியது இந்த ஜனங்கள்தான். ஒரே ஒரு தடவை, பழையபடி எல்லோரும் சிரித்தால் போதும் என்று தோன்றிவிட்டது. அப்படித்தான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தாள். ஒருநாள் யாரும் பார்க்காதபோது பலகைப் பக்கம் போனாள், தையல்காரம்மாவின் டப்பாவைத் திறந்தாள், பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வாழ்நாளில் முதல் திருட்டு. மூடியைத் துடைத்து, பூனை மாதிரியே அழகாக மூடியும் வைத்தாள்.

மதியம் தையல்காரம்மா மூடியைத் திறந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு, "அடியாத்தி! பூனை வந்துடுச்சு!" என்று கத்தினாள் பாருங்கள், அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இஸ்திரிக்காரர் உருளையை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கஞ்சிக்காரர் வாளியைக் கவிழ்த்தார். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நினைத்தது நடந்துவிட்டது!

ஆனால் அவள் நினைக்காமல் விட்டது ஒன்று உண்டு. பூனை வந்துவிட்டது என்றால் அது யார் தலையில் விழும்? இரும்புக் கதவைத் திறந்துகொண்டு பாய்லர்காரர் வெளியே வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சத்தியமா நான் எடுக்கலங்க. என் பொண்டாட்டி மேல சத்தியமா நான் எடுக்கல."

"அட சும்மா இருய்யா, யாரும் மேலே சொல்லப்போறதில்ல," என்று கஞ்சிக்காரர் சிரித்தார்.

சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சத்தம் மாடி வரை போயிருந்தது. வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் என் அறைக்கு வாருங்கள் என்று பூனையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிரிப்பு அப்படியே அறுந்து விழுந்தது. தையல்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர் படியேறிப் போன பிறகுதான் அக்காவுக்குக் குரல் வந்தது.

"நான்தான் எடுத்தேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"முட்டையை நான்தான் தின்னேன். அவரு இல்ல."

தையல்காரம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அக்கா, உங்க மனசு யாருக்குக்கா வரும்? அந்த மனுஷனைக் காப்பாத்த உங்க பேரையே கெடுத்துக்கறீங்களே!"

"அடியேய், நெஜமாத்தான் சொல்றேன். முட்டையில மிளகுத்தூள் போட்டிருந்தே. உப்பு கம்மி."

"பூனை உங்ககிட்ட சொல்லியிருக்கும்," என்றாள் அவள் விசும்பிக்கொண்டே. உப்பு கம்மி என்றதுதான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கஞ்சிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படி ஒரு மனுஷியோடு வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்றார் இஸ்திரிக்காரர். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு பொய்யும் சொல்லாமலே இருந்து இருந்து, இப்போது உண்மையைச் சொன்னால் அது பொய்யாகப் போகிறது. திருடாத மனிதர் திருடன், திருடியவள் தெய்வம். என்ன கண்றாவி இது! பாய்லர்காரரை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் பூனைக்கு முன்னால் அவள் போய் மேனேஜர் அறையில் நின்றாள். சொன்னாள். மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல்தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

"உங்களைப் பத்தி நல்லாக் கேள்விப்பட்டிருக்கேன்மா. உங்களுக்கு இளகின மனசு. ஆனா தப்பு பண்ணினவனுக்கு வக்காலத்து வாங்காதீங்க. மேற்பார்வையாளரா வரப்போறவங்க நீங்க."

"சார், நான்தான் திருடினேன்."

"போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க. நீங்களாவது, திருடறதாவது!"

அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் மேனேஜரின் சாப்பாட்டு டப்பா, வீட்டம்மா துணியில் முடிந்து கொடுத்தது. நேராக அங்கே போனாள். முடிச்சை அவிழ்த்தாள், மூடியைத் திறந்தாள். மேலே ஒரு முட்டை இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்து, மேனேஜரின் கண்ணைப் பார்த்தபடியே ஒரு கடி கடித்தாள். மென்றாள். இன்னொரு கடி. விழுங்கினாள். பிறகு பக்கத்தில் இருந்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்படித்தான் சார் எடுத்தேன்," என்றாள் அக்கா, வாய் நிறைய. பிறகு டப்பாவை மூடி, துணியை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக் கட்டி வைத்தாள். கை சும்மா இருக்குமா?

பூனையின் வேலை தப்பியது. வீடு தப்பியது. அக்காவின் மேற்பார்வையாளர் வேலை போயிற்று; அது கஞ்சிக்காரருக்குக் கிடைத்தது. அவளை வேலையை விட்டே அனுப்ப மேனேஜருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அதைவிட, தன் டப்பாவைத் தன் கண்முன்னாலேயே ஒருத்தி காலி செய்த கதையை மேலிடத்தில் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் கூடத்துப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

மேனேஜர் அறையில் நடந்தது அக்கா படியிறங்குவதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தையல்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நெஜமாவே நீங்கதானா? உப்பு கம்மின்னு வேற சொன்னீங்க?"

"கம்மிதான்டி."

"திருடித் தின்னுட்டு குத்தம் வேறயா!" என்று அவள் இடுப்பில் கை வைத்ததும் இஸ்திரிக்காரர் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார். கஞ்சிக்காரர் வாளியைத் தேடினார். அன்றைக்கு அக்கா அத்தனை பேருக்கும் டீ சுமந்து வந்தாள். வழியில் டீ தளும்பிச் சிந்தியது, அதற்கும் திட்டு வாங்கினாள்.

அந்த நாளிலிருந்து பூனை என்றால் அவள்தான். சரி, ஒரு தடவை நடந்தது, விட்டுவிடலாம் என்று பார்த்தால் விட்டார்களா? கொஞ்சநாள் எதையும் தொடாமல் இருந்தால், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று தையல்காரம்மா கேட்பாள். டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டுப் போவார்கள். அக்காவும் போய் ஒரு துண்டு எடுப்பாள். பிடிபடுவாள். அவளை எதிர்த்து இஸ்திரிக்காரரும் தையல்காரம்மாவும் மறுபடி ஒரே கட்சி ஆனார்கள். விரிப்பை மடிக்கும்போது மறுபடி கையில் கை பட்டது. முன்பெல்லாம் அக்காவுக்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் அடக்கிப் பேசுவார்கள். இப்போது வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், தோளில் கை போட்டார்கள். இத்தனை வருடமாக யோக்கியமாக இருந்து எவ்வளவு நஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடங்கள் மாதிரி அவள் வாழ்வில் பிறகு வரவேயில்லை.

பாய்லர்காரர்? எடுக்காத முட்டைக்கு அவரைச் சந்தேகப்பட்டோமே என்று எல்லோருக்கும் குற்ற உணர்ச்சி. பூனை என்று கூப்பிட்ட வாய்கள் "வாங்க, உக்காருங்க" என்றன. மதியம் முதலில் அவருக்கு இடம் விட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் யாரும் டப்பாவை இழுத்து மறைக்கவில்லை. யாரும் அவரை யோவ் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பாய்லர் அறையிலேயே சாப்பிடத் தொடங்கினார். அது எப்போது தொடங்கியது என்றுகூட அக்கா கவனிக்கவில்லை. அவளுக்கு அவள் கொண்டாட்டமே பெரிதாக இருந்தது.

அவர் ஓய்வு பெறுகிற நாளும் வந்தது. கூடத்தில் டீ, பிஸ்கட். கஞ்சிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு குத்தம் குறை சொல்லமுடியாத மனுஷன்," என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் கலைந்த பிறகு மடிப்பு மேஜைக்கு வந்து விரிப்பின் மறுமுனையைத் தானாகவே எடுத்துப் பிடித்தார்.

"வீடு உங்களால தப்பிச்சுதுக்கா. என் சம்சாரம் தினம் உங்களை நெனச்சுக்கும்."

"விடுங்கண்ணே. மாட்டிவிட்டதும் நான்தானே."

இரண்டு பேரும் நடந்து வந்து மூலைகளைச் சேர்த்தார்கள். அவர் அடுத்த விரிப்பை எடுத்தார்.

"நான் இங்க வந்த புதுசுல அந்த ரூம்ல ஒத்தையா உக்காந்திருந்தேன்க்கா. ஆவி வந்தாப் போதும், உள்ள ஆள் இருக்கானா செத்தானான்னு யாருக்கு என்ன? வெளிய வந்து உங்க பக்கத்துல உக்காந்தாலும் யாரும் திரும்பிப் பாக்கல. ஒருநாள் ஒரு முட்டையை எடுத்தேன். பசிக்கு இல்லக்கா, என் டப்பா நெறையச் சோறு இருந்துச்சு. அன்னைக்கு நீங்க அத்தனை பேரும் சண்டைக்குக் கெளம்பி என் ரூமுக்கே வந்துட்டீங்க. வாசல்ல நிக்க இடம் இல்ல. எல்லாரும் என்னைத்தான் பாத்தீங்க. வீட்டுக்குப் போய் சம்சாரத்துகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

அக்கா விரிப்பைப் பிடித்தபடி இரும்புக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பல்லாம் எல்லாரும் மரியாதையாப் பேசறாங்க. நல்ல ஜனங்க. அந்தக் கதவைத்தான் யாரும் திறக்கறதில்ல."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"எப்படிச் சொல்றது? நீங்க சந்தோஷமா இருந்தீங்க. பாக்கவே நல்லா இருந்துச்சு." அவர் தன் பக்கத்து மூலையை அவள் கையில் கொடுத்தார். "வரேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா பாய்லர் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். எத்தனை காலம் ஆயிற்று அதைத் திறந்து! புதிதாக வந்த ஆள் ஒருவர் உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்தார். சுவரோரமாக, முன்பு அவள் பார்த்திராத ஒரு பெஞ்சு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பழைய பலகைகளைச் சேர்த்து அடித்தது. ஓரமெல்லாம் இழைத்து, துணி மாட்டிக் கிழியாதபடி வழவழப்பாக்கியிருந்தது. ஒரு ஆள் வேலை செய்கிற அறையில் ஒரு கூடமே உட்காரலாம். சண்டைக்கு வருகிறவர்கள் நிற்கவேண்டாமே என்று பழைய பூனைதான் செய்து போட்டிருக்கிறார். அதன்மேல் நிலக்கரித் தூசு படிந்து கிடந்தது.

அக்கா அந்தத் தூசிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புது ஆள் பயந்துபோனார்.

"என்னம்மா ஆச்சு? உக்கார இடம் அழுக்கா இருக்கா? இவ்வளவு நீளமா எதுக்குன்னே தெரியல. வெளிய தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"போடாதீங்க," என்றாள் அக்கா. "நாங்க வருவோம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சையும் ஒரு கோடியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். பிறகு அந்த ஆளிடம், வந்ததிலிருந்து சாப்பிட்டாரா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.